தளர்வு என்று குறித்த பதினெட்டு நொடி

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மனிதர்களின் தலையில் கம்பி ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்கிறேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. அளவு நாடாவால் தலையை அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, களிம்பு தடவி, புள்ளிக்கு ஓர் எலக்ட்ரோடு ஒட்ட வேண்டும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மொத்தம் இருபத்தொன்று. இடப்பக்கத்துக்கு ஒற்றை எண், வலப்பக்கத்துக்கு இரட்டை எண். பிறகு விளக்கைக் குறைத்துவிட்டு, "கண்ணை மூடிக்குங்க, பல்லைக் கடிக்காதீங்க, தூக்கம் வந்தா தூங்குங்க" என்பேன். திரையில் வரிகள் ஓடத் தொடங்கும்.

அந்த வரிகளில் பொய்யும் கலந்துதான் வரும். கண் சிமிட்டினால் ஒரு மேடு. பல்லைக் கடித்தால் புதர் மண்டியது போல ஒரு கறுப்பு. எலக்ட்ரோடு சரியாக ஒட்டாவிட்டால் அந்த ஒரு வரி மட்டும் கிடந்து ஆடும். இவற்றை அப்போதைக்கு அப்போதே பார்த்து, அந்த இடத்தில் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. 'சிமிட்டல்', 'இருமல்', 'எலக்ட்ரோடு தளர்வு'. பதிவைப் படித்துச் சொல்லும் டாக்டரம்மா என் குறிப்பு உள்ள இடங்களில் நிற்க மாட்டார். தாண்டிப் போய்விடுவார். "நீ களை எடுத்துக் குடுத்துடறே, எனக்கு அறுப்பு மட்டும்தான்" என்பார். அத்தனை நம்பிக்கை.

என் கணவர் டவர் கிரேன் ஓட்டுபவர். பதினாறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே ஒருவர் நின்று ரேடியோவில் 'தூக்கு', 'இறக்கு', 'நிறுத்து' என்று சொல்லச் சொல்ல இவர் கம்பியையும் கல்லையும் நகர்த்த வேண்டும். கீழே நிற்பவரைக் கொடி என்பார்கள். கொடி பிடித்த காலம் போய் ரேடியோ வந்தும் பெயர் நின்றுவிட்டது. இவருக்கு ஒன்பது வருடமாக ஒரே கொடி. வயதில் இளையவர். இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார்.

வீட்டில் என் கணவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நின்றுவிடுவார். கண் திறந்தே இருக்கும். உதடு மட்டும் மெதுவாக அசையும், எதையோ மெல்வது போல. கால் நிமிடம், சில சமயம் அரை நிமிடம். எது கேட்டாலும் பதில் வராது. பிறகு, "என்ன சொன்னே?" என்பார். எங்கள் மகள் சின்ன வகுப்பில் படிக்கும்போதே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள்.

"அம்மா, அப்பா கிரேன்ல ஏறிட்டார். இறங்கி வரட்டும், அப்புறம் கேளு."

அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. என் பேச்சு என்றால் அவருக்கு இளக்காரம் என்று நினைத்தேன். "சுவத்துகிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன். என் அப்பா இறந்த செய்தி வந்த அன்று போனை வைத்துவிட்டு இவரிடம் ஓடினேன். "அப்பா போயிட்டாருங்க" என்றேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உதட்டை மென்றார். பிறகு, "கேஸ் தீந்துபோச்சுன்னியே, சொல்லிட்டியா?" என்றார். நான் ஒரு சொல் பேசாமல் மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு ஓடி வந்தார். வாசலில் நின்று, "எனக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டார். நடிக்கிறார் என்று நினைத்தேன். மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

தினமும் அடுத்தவர் தலையில் எதைத் தேடினேனோ அது என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. நான் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அறைக்குப் புது மெஷின் வந்தது. புது மெஷினை நோயாளிக்குப் போடும் முன் கோளாறில்லாத தலை ஒன்றில் போட்டுப் பார்ப்போம். அதற்கு யார் வருவார்கள்? வீட்டு ஆட்களைத்தான் பிடித்து வருவோம். என்னோடு வேலை செய்பவள் தன் மாமியாரைக் கூட்டி வந்தாள். நான் இவரைக் கூட்டிப் போனேன்.

"மண்டையில ஒண்ணுமே இல்லைன்னு இன்னிக்கு உங்க டாக்டருக்குத் தெரிஞ்சுடப் போகுது" என்று சிரித்துக்கொண்டே படுத்தார்.

பன்னிரண்டாம் நிமிடம், இடது காதுக்கு மேலே இருக்கும் மூன்றாம் எண் வரி சீராக ஆடத் தொடங்கியது. "ஆடாதீங்க" என்றேன். பதில் இல்லை. இன்றைக்காவது சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்றிருந்தது. புதுக் கம்பி, ஒட்டவில்லை என்று நினைத்து எழுந்துபோய் மூன்றாம் எண்ணை விரலால் அழுத்தினேன். வரி அடங்கியது. 'எலக்ட்ரோடு தளர்வு, 18 நொடி, சரிசெய்யப்பட்டது' என்று குறித்தேன். கோப்புக்குச் 'சோதனைப் பதிவு' என்று பெயர் கொடுத்து மூடினேன். அது நோயாளியின் பதிவு இல்லை என்பதால் டாக்டரம்மா பார்க்கவே இல்லை.

அதற்குப் பின் ஒன்றேகால் வருடம் கழித்துத்தான் அந்த விபத்து. கிரேனில் இருந்து இறங்கிய கம்பிக்கட்டு ஒன்று நிற்க வேண்டிய உயரத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போய், கீழே குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்த ஃபிட்டரின் காலில் உட்கார்ந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணையில் கொடி, "நிறுத்துன்னு அஞ்சு தடவை சொன்னேன்" என்றார். என் கணவர், "ரேடியோவுல ஒரு சத்தமும் வரலை" என்றார். என் கணவருக்குப் பதினாறு வருடப் பதிவில் ஒரு கீறல் கிடையாது. கம்பெனி இவரை நம்பியது. கொடியைத் தூக்கி வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது.

வந்தது ஒன்பது மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, நேராக என் அறைக்கு. ஒரு நோயாளியின் தலையில் இருந்த களிம்பைத் துடைத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் கதவில் நிற்கிறார்.

"உக்காருங்க தம்பி."

"உக்கார நேரமில்லை அண்ணி. கேட்டை இன்னொருத்தர்கிட்ட விட்டுட்டு வந்தேன். ஒண்ணு சொல்லணும். நான் என் பழியைத் துடைக்க வரலை, அதை முதல்லயே சொல்லிடறேன்."

"சொல்லுங்க."

"நேத்து லோடு நடுவானத்துல நின்னுடுச்சு. புதுசா வந்த கொடிப் பொண்ணு கீழேருந்து 'அண்ணே, அண்ணே'ன்னு ரேடியோவுல கத்துது. கேட்ல இருக்கற என் ரேடியோவுல எனக்கே கேக்குது. மேலே அண்ணன் அசையலை. நான் நேரம் பாத்தேன் அண்ணி. முப்பது செகண்டு. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி, 'என்னம்மா, எங்க வைக்கட்டும்?'ங்கறார்."

நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

"ஃபிட்டர் கால் போன அன்னிக்கும் அதேதான். நான் அண்ணாந்து பாத்தேன், அவர் குனிஞ்சு என்னையே பாத்துட்டு இருந்தார். வாய் மட்டும் அசையுது. முதல் நாள் எங்களுக்குள்ள ஒரு சண்டை. அந்தக் கோவத்துல வேணும்னே செய்யறார்னு நினைச்சேன். இத்தனை நாள் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். நேத்து பாத்ததும் வேற மாதிரி தோணிச்சு. அந்தக் கொடிப் பொண்ணுமேல அவருக்கு என்ன கோவம்? இந்த மாதிரி விஷயம் உங்களுக்குத்தானே தெரியும், அதான் வந்தேன்."

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா கேட்ல உக்காந்திருக்கறவன் வயித்தெரிச்சல்ல பேசறான்னுவாங்க. வரேன் அண்ணி."

அவர் போனதும் அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு வருடத்துக்கு முந்தைய சோதனைப் பதிவைத் திறந்தேன்.

புதிதாக வரும் மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது: தளர்ந்த எலக்ட்ரோடு தனியாகத்தான் ஆடும், பக்கத்தில் இருப்பதற்கு அது தெரியவே தெரியாது. மூளைக்குள்ளிருந்து கிளம்பும் அலை அப்படி இல்லை. அக்கம்பக்கத்தையும் தொட்டுக்கொண்டுதான் வரும். ஒரு வரி ஆடினால் அந்த வரியைப் பார்க்காதே, அதன் இரண்டு பக்கத்தையும் பார்.

பன்னிரண்டாம் நிமிடத்துக்குப் போனேன். மூன்றாம் எண் வரி ஆடியது. முன்னால் இருக்கும் ஏழாம் எண்ணில், சின்னதாக, அதே ஆட்டம். பின்னால் இருக்கும் ஐந்தாம் எண்ணிலும். போகப் போக மூன்றும் சேர்ந்து வளர்ந்தன. வலப்பக்கத்து இரட்டை எண்கள் எதையும் அறியாமல் ஓடிக்கொண்டிருந்தன. பதினெட்டாம் நொடியில் எல்லாம் அடங்கியது. நான் அழுத்தியதால் அடங்கவில்லை. அது தானாக அடங்கும் நேரத்தில் நான் போய் அழுத்தியிருக்கிறேன். அதற்கு மேலே என் குறிப்பு: 'தளர்வு'. என் பெயரின் முதல் எழுத்து, தேதி, மணி எல்லாம் ஒழுங்காக.

கோப்பை டாக்டரம்மாவுக்குக் காட்டினேன். அவர் என் குறிப்பைத் தாண்டிப் போகப் பார்த்தார். "அங்கேயே நில்லுங்க" என்றேன்.

பார்த்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"யாரு இது?"

"என் வீட்டுக்காரர்."

"என்ன வேலை பாக்கறார்?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதை வெச்சு நான் எதுவும் எழுத முடியாதும்மா. உன் கையாலேயே தளர்வுன்னு போட்டிருக்கே. ஆளைக் கூட்டிட்டு வா. அடுத்து எப்ப ஏறறார்?"

"நாளைக்கு லீவு. சனிக்கிழமை காலையில ஏறுவார்."

"அப்ப நாளைக்கு. நானும் வந்து நிக்கறேன்."

அன்று வீட்டில், நேராகக் கேட்க வாய் வராமல், "கொடித் தம்பியைப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தேன்.

"அவன் பேச்சை எடுக்காதே. அஞ்சு தடவை கத்தினானாம்! ஒரு தடவைகூட என் காதுல விழலை. என்ன, எனக்குக் காது செவிடா? இல்லை மூளை கலங்கிப் போச்சா? அப்படி எவனாவது சொல்லட்டும், அன்னிக்கு இருக்கு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "என்ன திடீர்னு?" என்றார்.

"ஒண்ணுமில்லை. மெஷினை சர்வீஸ் பண்ணியிருக்காங்க. போட்டுப் பாக்க ஒரு தலை வேணும். நாளைக்கு லீவுதானே, வரீங்களா?"

பொய் சுலபமாக வந்தது. கோபம் போய் அவர் முகமே மாறிவிட்டது.

"உனக்கு என்னை விட்டா வேற தலையே கிடைக்காதா?" என்று கிண்டலாகக் கேட்டார். பிறகு, "எத்தனை மணிக்கு?" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் படுத்தார். நான் தலையை அளந்தேன், புள்ளி வைத்தேன். இருபத்தொன்றையும் ஒட்டிவிட்டு ஒவ்வொன்றையும் இரண்டு முறை அழுத்திச் சரிபார்த்தேன். மூன்றாம் எண்ணை நான்கு முறை.

"மெதுவாடி, மண்டையில ஆணியா அடிக்கறே?"

டாக்டரம்மா உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்றார். "சார்கிட்ட எல்லாம் சொல்லிட்டியா?" என்று மெல்லக் கேட்டார். தலையாட்டினேன். அதுவும் பொய்தான்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. வரவேண்டாம், வரவேண்டாம் என்று என்னில் பாதி கும்பிட்டுக்கொண்டிருந்தது. வராமல் போனால் நாளைக்கு ஏறுவார் என்று மீதிப் பாதிக்குத் தெரியும். பிறகு, "மூச்சை நல்லா இழுத்து இழுத்து விடுங்க, மூணு நிமிஷம்" என்றேன். அப்படிச் செய்தால் ஒளிந்திருப்பது சில சமயம் வெளியே வரும்.

"புள்ளை பெக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஊதினார். இரண்டாம் நிமிடத்தின் கடைசியில் ஊதுவது நின்றது. ஏழு, மூன்று, ஐந்து. மூன்று வரியும் கை கோத்ததுபோல் எழுந்தன. மூடியிருந்த கண் திறந்தது. உதடு மெல்லத் தொடங்கியது.

இப்படி வந்தால் நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்து, முடிந்ததும் அதைக் கேட்போம். நினைவு இருந்ததா இல்லையா என்று அதில்தான் தெரியும். அவர் காதருகே குனிந்து, "குடை" என்றேன். தெளிவாக, இரண்டு தடவை. பிறகு, சோதனைக்குத் தேவை இல்லாவிட்டாலும், "அப்பா போயிட்டாருங்க" என்றேன். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முப்பத்தொரு நொடி. வரிகள் அடங்கின. அவர் விழித்து, விட்ட இடத்திலிருந்து ஊதத் தொடங்கினார்.

"போதும். நான் இப்ப ஒரு வார்த்தை சொன்னேனே, என்ன அது?"

"நீ எங்கே சொன்னே? ஊது ஊதுன்னே, ஊதிட்டிருக்கேன்."

"நடுவுல ஒரு வார்த்தை சொன்னேன்."

"ஒண்ணும் சொல்லலை." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார், அப்புறம் சிரிக்கவில்லை.

"இது மெஷினைச் சோதிக்க இல்லை, இல்ல?"

"இல்லை."

டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் மெதுவாக அவருக்குச் சொன்னார். வலிப்பு என்றால் விழுந்து துடிப்பது மட்டும் இல்லை, இப்படியும் உண்டு. மருந்தில் பெரும்பாலும் அடங்கும். ஆனால் இனி உயரத்தில் ஏறக்கூடாது, அதை இன்றே எழுதித்தான் ஆக வேண்டும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தலையில் இருபத்தொரு கம்பியும் அப்படியே இருந்தன.

"அப்ப கொடி கத்தினானா?" என்று என்னைக் கேட்டார்.

"கத்தினாராம்."

"அஞ்சு தடவை?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "எப்பலேருந்து இருக்கு இது?"

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். டாக்டரம்மாகூடக் கண்ணால் வேண்டாம் என்றார். ஆனால் இந்த வேலையில் பார்த்ததைக் குறிக்காமல் விட எனக்கு வராது. திரையைத் திருப்பி, பழைய பதிவைத் திறந்து, தேதியையும் பதினெட்டு நொடியையும் என் குறிப்பையும் காட்டினேன்.

அவர் தேதியைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"நீ அன்னிக்கே பாத்திருந்தா அந்த ஃபிட்டருக்கு ரெண்டு காலும் இருந்திருக்கும்."

"ஆமா."

"கழட்டு இதையெல்லாம்."

கழற்றினேன். களிம்பைத் துடைக்க விடாமல் எழுந்து போனார். தலைமுடி அங்கங்கே விறைத்துக்கொண்டு நிற்க, வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு அவர் நடந்து போனதை மாடி வராந்தாவிலிருந்து பார்த்தேன்.

அன்று மாலையே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். விபத்து நடந்த தேதி, பழைய பதிவின் தேதி, புதிய பதிவின் தேதி மூன்றையும் வரிசையாகப் போட்டு, கொடி 'நிறுத்து' சொல்லத் தவறியிருக்க வாய்ப்பில்லை என்றும், பதிவைத் தவறாகக் குறித்தது நான் என்றும் எழுதினேன். என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "அனுப்பு" என்றார். அவ்வளவுதான்.

கொடி மறுபடி கொடியானார். என் கணவருக்குத் தரையில் கொடுக்க வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. மருத்துவமனையில் எனக்கு ஓர் எச்சரிக்கைத் தாள் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் டாக்டரம்மா என் குறிப்பு இருக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார். அது சரிதான்.

கொடி வந்தால் என் கணவர் பேசுகிறார். மகளோடு பேசுகிறார், அவள் கணக்குப் போட உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருகிறார். சனிக்கிழமைதோறும் ஃபிட்டரின் வீட்டுக்குப் போய் வருகிறார். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னோடு பேசுவதில்லை. வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்புகிறார். கிரேன் பேச்சை மகள் எடுப்பதே இல்லை.

காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரை போட்டுக்கொள்கிறார். எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. குறிப்பவள் நான். முதல் மாதம் ஐந்து. அடுத்த மாதம் இரண்டு. பிறகு குறிக்க ஒன்றும் இல்லை. எனக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. பதில் சொல்லாத மனிதர் எப்போது நினைவில் இல்லை, எப்போது நினைவோடு இருந்துகொண்டே பேசாமல் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் ஏதோ ஒரு கட்டடத்தின் கிரேன் தெரியும் ஜன்னல் அது. நான் துணி மடித்துக்கொண்டே, "அடுத்த வாரம் டாக்டரம்மா வரச் சொல்லியிருக்காங்க, போவோமா?" என்றேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. உதடு அசைகிறதா? அசைவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஐந்து. பத்து. பதினைந்தில் பக்கத்தில் போய், குனிந்து, "கத்தரிக்கோல்" என்றேன். தெளிவாக, இரண்டு தடவை. இருபது. இருபத்தைந்து. முப்பது.

"கத்தரிக்கோல்" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடியே. "ரெண்டு தடவை சொன்னே. டாக்டரைப் பாக்கப் போவோமான்னும் கேட்டே. எல்லாம் கேட்டுச்சு."



நான் நோட்டை எடுத்தேன். தேதி போட்டேன். மதியம் மூன்று மணி பத்து நிமிடம். வலிப்பு இல்லை.